ஸ்டென்ட் வைத்த பிறகுதான் நாடி ஆறத் தொடங்குகிறது

திருகோணமலை நகரத்திலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ, நெஞ்சு நோவென்று கொண்டுபோன ஒருவர் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பினால், பார்க்க வருகிறவர்கள் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றுதான்: "அடைப்பு எடுபட்டுட்டுது, இனிப் பயமில்லை." சில மாதங்கள் போனதும் அதே வீட்டில் இன்னொரு பேச்சு எழும்: "அடைப்புத்தான் இல்லையே, பிறகென்னத்துக்கு இவ்வளவு குளிசை?" முதற்பேச்சு அன்பினால் வருவது. இரண்டாவது, முதற்பேச்சை நம்பியதால் வருவது. இரண்டுமே பிழை. அந்தப் பிழை உயிரைக் கேட்கும் பிழை.

இப்படி நினைப்பதற்கு மக்களைக் குறை சொல்ல முடியாது. மருத்துவமனைச் சுவர்ப் படங்களும் பத்திரிகைகளின் ஆரோக்கியப் பக்கங்களும் அவசரத்தில் இருக்கும் வைத்தியர்களும் காட்டுவது ஒரே படத்தைத்தான். இருதயத்துக்குப் போகும் நாடி ஒரு குழாய், அதில் கொழுப்புப் படிந்து அடைத்துக்கொண்டது, பலூனை ஊதி அடைப்பை நசுக்கி, கம்பிவலை ஒன்றை வைத்துத் திறந்தாயிற்று, வேலை முடிந்தது. இந்தப் படத்தால் விளைந்த நன்மையும் உண்டு. நெஞ்சு நோவை வாய்வு என்று ஒதுக்கி, இஞ்சித் தேநீர் குடித்துவிட்டுப் படுத்த எத்தனையோ பேரை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்தது இந்த எளிய விளக்கம்தான். ஆனால் வாசலைத் தாண்டி வீடு திரும்பிய பிறகு அதே படம் நோயாளிக்கு எதிராகத் திரும்புகிறது.

சீனக்குடாவில் பிரிட்டிஷார் விட்டுப்போன எண்ணெய்க் குதங்களைப் பார்த்தவர்களுக்குக் குழாய் என்றால் என்னவென்று தெரியும். துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டை ஒட்டிவிட்டால் இரும்பு அதை எதிர்ப்பதுமில்லை, வரவேற்பதுமில்லை. ஒட்டியவர் கருவிகளைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். நாடியில் அது நடக்காது. அது உயிருள்ள திசு. தன் மேல் நடந்த ஒவ்வொன்றுக்கும் பதில் செய்யும். பலூனும் ஸ்டென்ட்டும் அதன் மேல் ஒரு காயத்தை உண்டாக்குகின்றன. அந்தக் காயம் எப்படி ஆறுகிறது என்பதில்தான் நோயாளியின் அடுத்த சில ஆண்டுகள் தங்கியிருக்கின்றன.

நாடியின் உட்சுவரில், குருதி நேரே உரசிச் செல்லும் பக்கத்தில், ஒரேயொரு கலத் தடிப்பில் ஒரு படலம் விரிந்திருக்கிறது. அகவணி என்பார்கள். நீண்ட காலம் அதை வெறும் உள்பூச்சாகவே விஞ்ஞானிகளும் கருதினார்கள். அந்த எண்ணத்தை உடைத்தது 1980இல் நியூயோர்க்கில் ரொபர்ட் ஃபர்ச்கொட் வெளியிட்ட ஆய்வு. முயலின் பெருநாடித் துண்டுகளில் அசற்றைல்கோலின் என்ற பொருளை இட்டபோது சில துண்டுகள் தளர்ந்தன, சில இறுகின. ஒரே நாடி, ஒரே மருந்து, எதிரெதிர் விளைவு. தளர்ந்த துண்டுகளில் உட்படலம் முழுதாக இருந்தது. இறுகியவற்றில், துண்டு வெட்டும்போது கவனக்குறைவாக உரசியதால், அது போய்விட்டிருந்தது. அந்தப் படலம் ஏதோ ஒன்றைச் சுரந்து நாடியைத் தளர்த்துகிறது என்பது அதிலிருந்து தெளிவானது. அந்த ஏதோ ஒன்று நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு. இது தொடர்பான கண்டுபிடிப்புகளுக்காக ஃபர்ச்கொட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வாயு செய்யும் வேலைகள் மூன்று. நாடிச் சுவரின் நடுப்பகுதியிலுள்ள மழமழப்பான தசைக் கலங்களைத் தளர்த்தி வைக்கிறது. அவை தேவையில்லாமல் பெருகாமல் தடுக்கிறது. குருதியில் மிதந்துவரும் சிறுதட்டுகள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. பலூன் ஊதும்போது முதலில் உரிந்துபோவது இந்தப் படலம்தான்.

பலூனுக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கைத் தாண்டும். கொழுப்புப் படிவு வெடிக்கிறது, சுவர் இழுபடுகிறது, உள்ளே மூடிக்கிடந்த கொலாஜன் நார்கள் குருதிக்கு முன்னால் வெளிப்படுகின்றன. வொன் வில்லெபிராண்ட் என்ற நீளமான புரதம் வந்து அந்த நார்களில் படிகிறது. சிறுதட்டுகள் அந்தப் புரதத்தைப் பற்றி நிற்கின்றன. நின்ற மாத்திரத்தில் அவை விழித்துக்கொண்டு, துரோம்பொக்சேன், ஏடிபி என்ற இரண்டு பொருள்களை வெளிவிட்டு மற்றச் சிறுதட்டுகளையும் அழைக்கின்றன. அழைப்புக் கேட்டவற்றின் மேற்பரப்பில் ஒரு ஏற்பி உருமாறி விரிகிறது. பைபிரினோஜன் அதில் பாலமாக மாட்டிக்கொண்டு ஒரு சிறுதட்டை இன்னொன்றோடு பிணைக்கிறது. கையில் வெட்டுப்பட்டால் குருதியை நிறுத்தி உயிர்காப்பதும் இதே செயல்தான். மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள இருதய நாடிக்குள், அந்நியக் கம்பியின் மேல், அதுவே மாரடைப்பாக முடியும்.

இங்கேதான் ஸ்டென்ட் வைத்தவருக்குக் கொடுக்கும் இரண்டு முக்கியக் குளிசைகள் வருகின்றன. அஸ்பிரின் துரோம்பொக்சேன் உருவாகும் நொதியை முடக்குகிறது. குளோபிடோகிரெல், ஏடிபியின் அழைப்பைக் கேட்கும் ஏற்பியை அடைக்கிறது. சிறுதட்டுக்குக் கரு இல்லாததால் முடங்கிய நொதிக்குப் பதிலாக இன்னொன்றைச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. அதன் ஆயுட்காலமான ஏழு தொடக்கம் பத்து நாள் வரை அது முடங்கியே கிடக்கும். ஆனால் எலும்பு மச்சை ஒவ்வொரு நாளும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புதுச் சிறுதட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. குளிசையை நிறுத்தினால் ஒரு கிழமைக்குள் குருதியில் மிதப்பவற்றில் பெரும்பாலானவை கட்டுப்பாடில்லாத புதியவையாக இருக்கும். "ஒரு பத்து நாள் விட்டால் என்ன" என்ற கேள்விக்கு உடம்பு சொல்லும் பதில் இதுதான்.

காயத்தின் இரண்டாவது கட்டம் கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் நடக்கிறது. ஒட்டிய சிறுதட்டுகளும் அங்கே திரண்ட வெண்கலங்களும் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. சுருங்கி விரிவதையே வேலையாகக் கொண்டிருந்த தசைக் கலங்கள் அவற்றைக் கேட்டுத் தம் இயல்பை மாற்றிக்கொள்கின்றன. சுருங்கும் புரதங்களைக் குறைத்து, சுற்றியுள்ள நார்களைக் கரைக்கும் நொதிகளை உண்டாக்கி, உட்பக்கமாக நகர்ந்து, பெருகி, கொலாஜனைக் குவிக்கின்றன. தோலில் தழும்பு எழுவதை ஒத்த செயல் இது. அளவோடு நின்றால் கம்பிவலையை மூடிக் காக்கும். அளவு மீறினால் நாடியை மறுபடியும் ஒடுக்கும். அதே வேளையில் காயத்தின் ஓரங்களிலிருந்து அகவணிக் கலங்கள் பரவி வெறுமையை மூட முயல்கின்றன. அவை மூடி முடித்து மறுபடியும் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கத் தொடங்கினால்தான் தசைக் கலங்கள் அடங்கும், சிறுதட்டுகளும் விலகிப் போகும்.

குழாய்க் கொள்கை எவ்வளவு தூரம் பிழை என்பதற்கு இந்தச் சிகிச்சையின் வரலாறே சாட்சி. 1977 செப்டெம்பர் 16ஆம் திகதி, சூரிச் நகரில் அந்திரியாஸ் க்ருண்ட்சிக், விழித்திருந்த ஒரு நோயாளியின் இருதய நாடியில் முதன்முதலாகப் பலூன் ஊதினார். நோயாளிக்கு வயது 38. அந்த நாடி பல ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோதும் திறந்தே இருந்தது. க்ருண்ட்சிக்கிடம் பயின்ற மத்தியூ சாமுவேல் களரிக்கல் 1986இல் இந்தியாவில் இதைத் தொடங்கினார். பிறகு நெடுங்காலம் சென்னையில் பணியாற்றினார். ஆனால் முதல் நோயாளிக்குக் கிடைத்த நல்வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பலூன் மட்டும் ஊதியவர்களில் மூன்றில் ஒருவருக்காவது ஆறு மாதத்துக்குள் அதே இடம் மறுபடி ஒடுங்கியது. குழாய் என்றால் திறந்த குழாய் ஏன் ஒடுங்க வேண்டும்? புதிதாகக் கொழுப்பு படிந்ததால் அல்ல, காயம் ஆறிய விதத்தினால்.

எனவே 1986இல் கம்பிவலை வந்தது. நாடி சுருங்கி விழுவதை அது தடுத்தது. ஆனால் கம்பி இருக்கும் வரை காயத்தின் தூண்டுதலும் இருந்ததால், தழும்புத் திசு கம்பியின் இடைவெளிகளுக்குள்ளால் வளர்ந்தது. அதை அடக்க மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. ராபா நுயி எனப்படும் ஈஸ்டர் தீவுக்கு 1964இல் போன கனேடியக் குழு ஒன்று எடுத்துவந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து, சுரேன் சேகல் என்ற விஞ்ஞானியின் குழு மொன்றியலில் பிரித்தெடுத்த ராபாமைசின்தான் அந்த மருந்து. அது கலங்களுக்குள் எம்டோர் என்ற புரதத்தைக் கட்டிப்போட்டு அவை பிரிந்து பெருகுவதை நிறுத்தும். 2002இல் வெளியான ராவெல் என்ற ஆய்வில் 238 பேர் பங்கேற்றார்கள். ஆறு மாத முடிவில், சாதாரண ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதத்தினருக்கு மறுபடி ஒடுக்கம். மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை.

வெற்றி என்று எல்லோரும் நினைத்தார்கள். மருந்தோ ஆள் பார்த்து வேலை செய்வதில்லை. தசைக் கலத்தை நிறுத்திய அதே ராபாமைசின், காயத்தை மூட வந்த அகவணிக் கலத்தையும் நிறுத்தியது. இந்தியாவில் பிறந்த நோயியலாளர் ரேணு விர்மானியின் குழு அமெரிக்காவில், இறந்தவர்களின் நாடிகளைத் திறந்து பார்த்தபோது, வைத்து மாதங்கள் பல கடந்த பின்பும் சில கம்பிகள் மூடப்படாமல் வெறுமையாகக் கிடந்தன. அவற்றின் மேல் குருதி உறைந்திருந்தது. 2006 செப்டெம்பரில் பார்சிலோனாவில் கூடிய இருதய வைத்தியர்களின் மாநாட்டை இந்தச் செய்தி உலுக்கியது. ஸ்டென்ட்டுக்குப் பின் இரண்டு குளிசைகளையும் விடாமல் எடுக்கவேண்டும் என்ற கண்டிப்பு வலுத்ததற்கு இதுவே பின்னணி. ஆறுவதை மருந்தால் தாமதப்படுத்திவிட்டு, ஆறி முடியும் வரை காவலை எடுத்துவிட முடியாது.

காவலை எடுத்தால் என்ன ஆகும் என்பதும் கணக்கில் இருக்கிறது. மாரடைப்புக்கு மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்த 500 பேரை அமெரிக்காவில் ஜோன் ஸ்பெர்ட்டஸ் குழு தொடர்ந்து கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. ஏழில் ஒருவர் முப்பது நாளுக்குள் குளோபிடோகிரெல் வகைக் குளிசையை நிறுத்திவிட்டிருந்தார். அடுத்த பதினொரு மாதத்தில், நிறுத்தியவர்களில் இறந்தவர்கள் 7.5 சதவீதம், தொடர்ந்தவர்களில் 0.7 சதவீதம். நிறுத்தியவர்கள் ஏற்கெனவே கூடுதல் வருத்தக்காரர்களாக இருந்திருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். அது ஓரளவு உண்மையுமாகும். ஆனால் பத்து மடங்கு வித்தியாசத்தை அந்த வாதம் முழுதாக விழுங்கிவிடாது.

எதிர்த்தரப்பு இன்னும் சில நியாயங்களை வைக்கிறது. அவற்றுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

முதலாவது, குளிசை குருதிக்கசிவை உண்டாக்குகிறது என்பது. உண்மைதான். முரசில் இரத்தம், கறுப்பு மலம், வயிற்றுப்புண் எல்லாம் வரக்கூடும். அதனால்தான் வழிகாட்டல்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவருக்கு வழமையாகப் பன்னிரண்டு மாதம், மாரடைப்பு இல்லாமல் வைத்தவருக்கு ஆறு மாதம், கசிவு அபாயம் கூடியவருக்கு அதிலும் குறைவு. இன்றைய ஸ்டென்ட்களின் கம்பி முதல் தலைமுறைக் கம்பியில் ஏறத்தாழ அரைப்பங்குத் தடிப்புத்தான், விரைவாக மூடிக்கொள்ளும். எப்போது நிறுத்துவது என்பது வைத்தியர் கணக்குப் பார்த்துச் சொல்லவேண்டிய விடயம். பல்லுப் பிடுங்கப் போகிறவர் தானாகவே ஒரு கிழமை குளிசையை விட்டுவிடுவது அந்தக் கணக்கில் சேராது.

இரண்டாவது, இஞ்சி, பூண்டு, எலுமிச்சம்பழம், தேன் சேர்த்துக் காய்ச்சிய கசாயம் அடைப்பைக் கரைக்கும் என்பது. கைப்பேசியில் இந்தக் குறிப்பு வராத வீடே இல்லை. இதுவும் குழாய்க் கொள்கையின் பிள்ளைதான்: அழுக்கு அடைத்திருந்தால் கரைத்துவிடலாம் என்ற எண்ணம். நாடியின் படிவு மேலே ஒட்டிய அழுக்காக இருந்தால் அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கும். அது சுவருக்குள்ளே, நார்ப்போர்வைக்குக் கீழே, வெண்கலங்கள் புகுந்து அழற்சி கண்ட திசு. சியாட்டிலில் ரஸல் ரொஸ் 1970களிலேயே இந்த நோயைக் காயத்துக்கு நாடி காட்டும் எதிர்வினை என்று விளக்கினார். 1999இல் அதை அழற்சி நோயென்றே எழுதினார். 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வு இதைப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் சோதித்தது. கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி மருந்து, மாரடைப்பும் பக்கவாதமும் இருதய மரணமும் சேர்ந்த தொகையை 15 சதவீதத்தால் குறைத்தது.

மூலிகையில் மருந்தே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கார்த்திகைக் கிழங்கிலுள்ள கொல்கிசின் அழற்சியை அடக்கும். நாட்பட்ட இருதய நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் நல்ல பலனைக் காட்டியது. மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்தி 2024இல் வெளியான பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அதே கொல்கிசின்தான் அந்தக் கிழங்கைத் தின்றவர்களின் உயிரை இலங்கையின் கிராமங்களில் பறித்திருக்கிறது. அளவும் சோதனையும் இல்லாத இடத்தில் இயற்கை என்ற பெயர் எவரையும் காப்பாற்றாது. கசாயத்தை விரும்பினால் வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கலாம். குளிசைக்குப் பதிலாகக் குடிக்கக்கூடாது.

மூன்றாவது நியாயம் கூர்மையானது: ஸ்டென்ட் ஒரு காயம் என்றால் ஏன் வைக்கிறார்கள்? மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் வேளையில் முற்றாக மூடிய நாடியைத் திறப்பது உயிரைக் காக்கும். அதில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. நடந்தால் மட்டும் நெஞ்சு நோகின்ற, நிலையாக உள்ள நோயாளியின் கதை வேறு. 2007இல் வந்த கரேஜ் ஆய்வில் 2,287 பேர், 2020இல் வந்த இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர். இரண்டிலும், நல்ல மருந்துச் சிகிச்சையோடு நாடியைத் திறந்துவிட்டவர்களும் மருந்துச் சிகிச்சையோடு தொடங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே இறந்தார்கள். திறந்தவர்களுக்கு நோ குறைந்தது, ஆயுள் நீளவில்லை. ஒடுங்கிய ஓர் இடத்தைத் திறப்பதால் நோய் போய்விடும் என்றால் இந்த முடிவுகள் வந்திருக்கவே முடியாது.

நாடியை ஆற்றுவது எது? பெரும்பகுதி மருந்தும் பழக்கமும்தான். சிகரெட் புகையில் உள்ள ஒட்சியேற்றிகள் நைத்திரிக் ஒட்சைட்டை உருவான இடத்திலேயே அழிக்கின்றன. சீனி வருத்தம் கட்டுப்பாடில்லாமல் இருந்தாலும் அதுவே நடக்கிறது. அந்த வாயுவை உண்டாக்கும் நொதியே கெட்டுப்போய்க் காயத்தைக் கூட்டும் பொருளை உண்டாக்கத் தொடங்குகிறது. ஸ்டேட்டின் குளிசை கொழுப்பைக் குறைப்பதோடு அந்த நொதிக்கும் துணை நிற்கிறது. நடக்கும்போது குருதி வேகமாக உரசிச் செல்வதை அகவணிக் கலங்கள் உணர்ந்து கூடுதலாகச் சுரக்கின்றன. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் நிலையான நெஞ்சு நோ உள்ள 101 ஆண்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஸ்டென்ட்டும் மற்றவர்களுக்கு ஒழுங்கான உடற்பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு மாதம் சிக்கலின்றி இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 88 சதவீதம், ஸ்டென்ட் பிரிவில் 70 சதவீதம். ஆய்வு சிறியது, சொல்லும் திசை தெளிவானது.

தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வயது முந்தியே வருகிறது என்பதை, இலங்கையும் பங்கேற்ற இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. சராசரி 53 வயது. தொழிலை விடாத வயது அது. கொட்பே துறையிலிருந்து பலநாள் படகில் போகிறவர் கிழமைக்கணக்கில் கடலில் இருப்பார். கையிலிருக்கும் குளிசை நடுக்கடலில் முடிந்தால் வாங்க இடமில்லை. நோன்பு மாதத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் காலைக் குளிசை தவறும். ஒருநாளைக்கு ஒருதரம் எடுப்பதை நோன்பு திறந்த பிறகு எடுக்கலாமா என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டால் தீர்ந்துபோகும் பிரச்சினை அது. 2022 பொருளாதார நெருக்கடியில் அரச ஆஸ்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டபோது வெளியே வாங்க வசதியில்லாதவர்கள் பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறந்திருக்காது. "அடைப்புத்தான் இல்லையே" என்ற எண்ணம் வேரூன்றிய வீட்டில், தட்டுப்பாடு வந்தால் முதலில் கைவிடப்படுவது இந்தக் குளிசைகள்தான்.

தமிழ்நாடு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சு நோவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே பதினான்கு மாத்திரைகள் கொடுக்கிறார்கள். இரண்டு அஸ்பிரின், நான்கு குளோபிடோகிரெல், எட்டு அட்டோவாஸ்டற்றின். பலூனும் கம்பியும் எட்டாத தூரத்தில் சிறுதட்டையும் நாடிச்சுவரையும் அடக்கும் வேலை உடனே தொடங்கிவிடுகிறது. அதே விளக்கம் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்கும் சேரவேண்டும்.

அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கண்டியிலோ கொழும்பிலோ ஸ்டென்ட் வைத்துத் திரும்புகிறவரின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் தமிழில் நான்கு விடயம் எழுதப்பட்டிருக்க வேண்டும்: ஸ்டென்ட் வைத்த திகதி, எந்த வகை ஸ்டென்ட், எந்தத் திகதி வரை இரண்டு குளிசையையும் விடக்கூடாது, குளிசை முடிந்தாலோ கசிவு வந்தாலோ பல்லுப் பிடுங்கச் சொன்னாலோ யாரிடம் கேட்பது. நோயாளியோடு வந்த மனைவிக்கும் மகனுக்கும் அதை வாசித்துக் காட்ட வேண்டும். நாடிக்குள் ஆறாத காயம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். கடலுக்குப் போகிறவரென்றால் பயணத்தின் நாளைக் கேட்டு, அதற்கு மேலும் இரண்டு கிழமைக்குக் காணும் அளவு குளிசையைக் கட்டிக்கொடுக்க வேண்டும். தட்டுப்பாடு வரும் காலத்தில், ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகாதவர்களின் பெயர்களைத் தனியே வைத்து, இருப்பில் உள்ளதை அவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும்.